நான் பாதியில் நிறுத்திய கதை

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும். அந்தச் சமயத்தில் எங்கள் நாரணாபுரத்தில் ஓர் அமைதி வந்துவிடும். நாடெல்லாம் வெடி வாங்கப் பரபரக்கும்போது இங்கே வேலை முடிந்திருக்கும். கடைசி லாரிக்கும் தார்ப்பாய் கட்டி அனுப்பியாகிவிடும். நான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வீடு தள்ளியிருக்கிற அம்மா வந்து வாசலில் நின்றார். தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்.

"அண்ணாச்சி, புள்ள தீவாளிக்கு வரலைங்கா."

"டிக்கெட் கெடைக்கலையாமா?"

"டிக்கெட்டெல்லாம் இல்ல அண்ணாச்சி. போன் பண்ணுனா 'வேலை இருக்கு'ன்னு வச்சிருதா. கொரலே சரியில்ல. நீங்க சொன்னாக் கேப்பா. கொஞ்சம் பேசுங்க."

அந்தப் பெண்ணை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் வீட்டுத் திண்ணையில் சில பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் வேதியியல் சொல்லிக் கொடுத்தேன் என்று முன்பு ஒரு பதிவில் எழுதியிருந்தேனே, அதில் முதல் வரிசையில் உட்கார்ந்தவள் இவள். பிளஸ் டூவில் நல்ல மார்க். பிறகு பி.எஸ்சி., எம்.எஸ்சி. தேசிய அளவிலான தேர்வில் தேறி, உதவித்தொகையுடன் வெளிமாநிலத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தாள். இப்போது மூன்றாவது வருஷம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரும் இடமும் போடாதீங்க சார், மத்ததை எழுதுங்க. யாருக்காவது ஆகும்" என்றாள்.

அந்த அம்மா வந்து நின்றபோது என் மனதில் சுருக்கென்றது. அதற்குக் காரணம் உண்டு.

ஆடி மாதம் அவளே எனக்குப் போன் செய்திருந்தாள். தூக்கம் வரவில்லை, செய்த சோதனை மூன்று மாதமாகத் திரும்ப வரவில்லை, கட்டுரையைப் பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது என்றாள். உதவித்தொகையும் நாலைந்து மாதமாக வரவில்லையாம். அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. தோழியிடம் கடன் வாங்கி வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் ஒரு பாடா? நாங்க படாத பாடா? கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோம்மா. ராமானுஜனை நெனச்சுக்கோ" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் எனக்குப் போன் செய்யவில்லை.

ராமானுஜன் கதையை நான் முப்பத்தைந்து வருஷமாக வகுப்பில் சொல்லி வந்தவன். இந்தப் பெண்ணுக்கும் இதே திண்ணையில் சொன்னேன். ஈரோட்டில் 1887-இல் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறவில்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தார். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அந்த இடத்தில் நான் குரலை உயர்த்துவேன். பிள்ளைகள் கண்கள் விரியும். அதோடு கதையை நிறுத்திவிடுவேன்.

மிச்சம் எனக்குத் தெரியாது என்றில்லை. அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. சைவச் சாப்பாட்டுக்காரர். தானே சமைத்துக்கொள்ள வேண்டும். வேலை மும்முரத்தில் எப்போது சமைப்பது, எப்போது சாப்பிடுவது? போர்க்காலத்தில் காய்கறி, பால் எல்லாமே தட்டுப்பாடு. மனைவி ஜானகி இங்கே, அவர் அங்கே. 1917-இலிருந்து உடம்பு விழுந்துவிட்டது. ஒரு மருத்துவ விடுதியிலிருந்து இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தார். 1918-இன் தொடக்கத்தில், ஃபெல்லோ ஆன அதே வருஷத்தில், லண்டனில் சுரங்க ரயில் தண்டவாளத்தில் விழுந்தார். ரயில் நின்றதால் பிழைத்தார். ஹார்டி போய்ப் பேசி போலீசிடமிருந்து மீட்டார். 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.

காசநோய் என்றுதான் அப்போது வைத்தியம் பார்த்தார்கள். பின்னாளில் பழைய குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் ஒருவர், அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம், கண்டுபிடித்திருந்தால் அந்தக் காலத்திலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்று எழுதினார். கணக்குதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கணக்கு அவருக்கு மூச்சு. கடைசி மாதங்களில்கூடப் படுக்கையில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இங்கிலாந்தில் அவர் பக்கத்தில், "சாப்பிட்டியா, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று தினமும் கேட்க ஓர் ஆள் இல்லை. அவருடைய மேதைமையைக் கவனித்தவர்கள் உண்டு. உடம்பைக் கவனிக்க ஆரம்பித்தபோது காலம் கடந்துவிட்டது.

இந்தப் பாதியை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது எனக்கே பிடிக்காத பாதி என்பதுதான் காரணம். ஏனென்றால் அதில் ஒரு துண்டு என் கதையிலும் உண்டு.

என் அய்யா பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். நம் பகுதிக்காரர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசு வேலையிலேயே ஆபத்தானது அதுதான். விடிகாலையில் போய்விடுவார். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பருத்தி உடையோடு உள்ளே போக வேண்டும். அறையில் விளக்கு கிடையாது. பகல் வெளிச்சம்தான். கதவுகள் திறந்தே இருக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. அதே சமயம் தன்னந்தனியாக ஒருவன் உள்ளே கிடப்பதையும் அய்யா ஒத்துக்கொள்ள மாட்டார். இந்த எல்லைகளைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ஐ, முதலிப்பட்டியை, நம்மில் யார் மறப்போம்?

அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார். 144 பெட்டி ஒரு குரோஸ். நானும் தங்கைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒட்டுவோம். அப்படி ஒட்டிய காசிலும் அய்யாவின் கூலியிலும் சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். மதுரையில் எம்.எஸ்சி. 1978-இல் பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். எங்கே என்பது வேண்டாம். எங்கள் தெருவில் முதல் ஆள் நான்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் "எப்ப டாக்டர் ஆவ?" என்று கேட்பார்கள். சிலர் வயிற்று வலிக்கு மருந்தே கேட்டார்கள்.

எனக்கு அப்போது வெறி. அமெரிக்கா போக வேண்டும், பெரிய பத்திரிகையில் பேர் வர வேண்டும். இரவு பகல் பார்க்கவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு இரண்டாகி, பிறகு டீயும் பன்னும் ஆகியது. ஆய்வகத்திலேயே பெஞ்சில் படுத்துக்கொள்வேன். வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதில் பெருமை. வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவன் வீட்டுக்கே போறதில்லை" என்பார். நானும் அதைப் பதக்கம் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

1981 பங்குனி. இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. மூன்றாவது இரவு ஈதர் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தேன். ஆவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடு இரவுக்கு மேல் அந்தக் கட்டடத்தில் தண்ணீர் சில நாள் நின்றுவிடும். அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். தண்ணீர் நின்றது. ஈதர் ஆவி வெளியே வந்து அடுப்பில் பட்டது.

'பக்' என்ற சத்தம்தான் நினைவிருக்கிறது. இடது கையும் புருவமும் போயின. ராத்திரிக் காவலாளி மணல் வாளியோடு ஓடி வந்திருக்காவிட்டால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்த பேராசிரியர் முதலில் கேட்டது, "நோட்டுப் புத்தகம் எல்லாம் பத்திரமா இருக்கா?" என்றுதான். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டவர்.

மறுநாள் சாயங்காலம் அய்யா வந்தார். மஞ்சள் பையில் ஒரு வேட்டி, கொஞ்சம் கருப்பட்டி. கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். அழவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, போர்மேன் விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"எத்தனை மணிக்கு?"

"ராத்திரி ரெண்டு இருக்கும்யா."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல."

"அதுக்கு முன்னால எப்பச் சாப்பிட்ட?"

எனக்கு நினைவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ஏய்யா, மருந்து அறைக்குள்ள நான் முப்பது வருஷமாப் போயிட்டு வாரேன். ஒடம்புல ஒரு தழும்பு கெடையாது. நான் எழுத்து வாசிக்கத் தெரியாதவன். நீ இவ்வளவு படிச்சு, எங்க அறையில சேத்துக்காத காரியத்தை எல்லாம் ஒரே ராத்திரியில பண்ணிருக்கியேய்யா."

அந்த வார்த்தை கை எரிந்ததைவிட அதிகமாக எரித்தது.

ஒன்றரை மாதம் ஊரில் இருந்தேன். அந்த நாட்களில்தான் அய்யாவைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை அவரை ஆசையில்லாத மனிதர் என்றே நினைத்திருந்தேன். காலையில் போவார், மதியம் வருவார், குளிப்பார், சாப்பிட்டுப் படுப்பார். சாயங்காலம் திண்ணை. அவ்வளவுதான் வாழ்க்கை என்று எனக்குள் ஓர் இளக்காரம் இருந்தது.

ஒருநாள் அவரோடு வேலை பார்த்தவர் வந்து பேசிக்கொண்டிருந்தபோது பூச்சட்டியின் பச்சை நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தக் காலத்தில் பச்சைக்குப் பேரியம்தான். இப்போது உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் போட்டார்கள், ஆனாலும் பலருக்குப் பச்சை வெளுத்துத்தான் வரும். அவர்கள் ஆலைப் பூச்சட்டியில் மட்டும் நல்ல இலைப்பச்சை. "அது உங்கய்யா கண்டது தம்பி. மூணு வருஷம் பாத்தாரு" என்றார் வந்தவர். முதலாளி அனுமதியோடு, வேலை முடிந்த பிறகு, ஒரு தடவைக்கு ஒரு சிட்டிகை. அதைத் திறந்தவெளியில் கொளுத்திப் பார்ப்பார். சரியில்லையா, மறுநாள். அவசரப்பட்டு ஒரு பிடி கலந்து பார்த்ததே இல்லையாம். கூட எப்போதும் இவர் நிற்பாராம்.

மூன்று வருஷம்! என் பிஎச்.டி.க்கு அப்போது ஆகியிருந்த காலமும் அதுதான். எங்கள் குடும்பத்தில் முதல் ஆராய்ச்சியாளன் நான் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. ஆனால் அந்த ஆசைக்கும் மருந்துக்குப் போடுகிற அதே அளவைப் போட்டிருக்கிறார்.

திரும்பிப் போனதும் சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். இரவில் தனியாக வேலை இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு மெஸ். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பு, சினிமா, கடிதம். பேராசிரியர் முகம் கொஞ்சம் மாறியது. ஆய்வேடு கொடுக்க இரண்டு வருஷம் அதிகம் ஆயிற்று. கூடச் சேர்ந்த நண்பன் எனக்கு முன்னால் முடித்து அமெரிக்கா போனான். நான் கல்லூரி ஆசிரியர் ஆனேன். ஓய்வு பெறும்போது என் பேரில் பதினொரு ஆய்வுக் கட்டுரை. அவனுக்கு இருநூறுக்கு மேல். "அதனால் அவன் உடம்பு கெட்டு அவதிப்படுகிறான்" என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படியெல்லாம் இல்லை. அவன் நன்றாகவே இருக்கிறான், போன மாதம்கூடப் பேசினான். எனக்கு வருத்தம் இல்லையா என்றால், உண்டு. இன்றும் சில நாள் விடியற்காலையில் வரும். ஆனால் கை இருக்கிறது. பேனா பிடிக்கிறேன். பேரனைத் தூக்குகிறேன்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் வழியாகப் போனால் வத்திராயிருப்பு. அந்தப் பகுதியில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன், கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். 1920-களின் தொடக்கத்தில் நம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள் அல்லவா, ஏறக்குறைய அதே காலத்தில் இவரும் இயற்பியல் கற்கக் கல்கத்தா போனார். 1923-இல் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவைக் கண்டபோது கூடவே நின்று சோதனை செய்தவர் இவர்தான். 'நேச்சர்' இதழில் வந்த முதல் கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

அந்த 1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. அவர்களும் அந்த வாரங்களில் பேய் மாதிரிதான் உழைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பு என் மனதில் நின்றுவிட்டது. பிப்ரவரி 7, இரவு ஒன்பது மணி. ராமன் பரபரப்போடு கிருஷ்ணன் தங்கியிருந்த வீட்டுக்கே வந்து கூப்பிடுகிறார், காலையில் பார்த்தது என்ன என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அப்போது கிருஷ்ணன் என்ன செய்துகொண்டிருந்தார்? சாப்பாடு முடித்து, கூட வேலை பார்த்த வெங்கடேஸ்வரனோடு பேசிக்கொண்டிருந்தார். உலகமே பேசப் போகிற கண்டுபிடிப்பு நடக்கிற வாரத்திலும் ஒன்பது மணிக்கு வயிற்றில் சோறு, பக்கத்தில் ஒரு நண்பர். இரவு இரண்டு மணிக்கு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்த என்னை நினைத்துக்கொண்டேன்.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்கும் பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அவர் அதைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. 1928 கடைசியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், படிகங்களின் காந்தப் பண்பு என்ற வேறு துறையைத் தொடங்கினார். அதில் உலகப் பெயர் பெற்று, 1940-இல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார். 1947-இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். பட்நாகர் விருது 1958-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அவருக்குத்தான் கொடுத்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் தமிழும் சமஸ்கிருதமும் ஆழ்ந்து படித்தவர். இளமையில் கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை பார்த்தபோது மதிய உணவு நேரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து, யார் எந்த அறிவியல் கேள்வி கேட்டாலும் பேசுவாராம். நேரு அவரைப் பற்றிச் சொன்னபோது, பெரிய விஞ்ஞானி என்பதைவிட ஒரு முழு மனிதர் என்பதைத்தான் எடுத்துச் சொன்னார்.

எல்லோரும் கிருஷ்ணன் ஆக முடியாது, சரி. ஆனால் எங்கோ ஈரோடு, கும்பகோணம் என்று தேடிப்போன நான், பக்கத்து ஊர்க்காரரின் கதையை ஒரு நாளும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. துன்பப்பட்டுச் செத்தவரின் கதையில்தான் நமக்கு ருசி. நன்றாகச் சாப்பிட்டு, நண்பர்களோடு பேசி, நல்ல வேலையும் செய்தவரின் கதையை யார் கேட்கிறார்கள்?

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"நல்லா இருக்கேன் சார். கொஞ்சம் வேலை."

இந்தத் தடவை உபதேசம் எதுவும் செய்யவில்லை. அய்யாவை நினைத்துக்கொண்டு அவர் கேட்ட மூன்று கேள்வியைக் கேட்டேன்.

"நேத்து எத்தனை மணிக்கும்மா ரூமுக்குப் போன?"

"மூணு இருக்கும் சார்."

"லேப்ல கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல சார்."

"கடைசியா யார்கூட உக்காந்து சாப்பிட்ட?"

பதில் இல்லை. பிறகு அழுகைச் சத்தம். நான் போனை வைக்கவில்லை, பேசவும் இல்லை. வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "சார், காலைல எந்திரிக்கவே வேணாம்னு தோணுது."

அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. "ஆடி மாசம் நான் சொன்னது தப்பும்மா. பல்லைக் கடிக்கச் சொன்னது தப்பு. ராமானுஜன் கதையில பாதிதான் உனக்குச் சொன்னேன்" என்று மீதியை அப்போதே சொன்னேன். பக்கத்து அறைத் தோழியைக் கூப்பிடச் சொல்லி, அந்தப் பிள்ளை வந்து பேசிய பிறகுதான் வைத்தேன். அன்று ராத்திரி அரசின் மனநல உதவி எண்ணுக்கு, 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, தோழியையும் கூட வைத்துக்கொண்டு பேசினாள். தமிழிலேயே பேசினார்களாம். மறுநாள் காலை அவள் அம்மாவும் என் மனைவியும் பஸ் ஏறினார்கள். தீபாவளி அவர்களுக்கு அங்கே ஹாஸ்டல் வாசலில்தான். முறுக்கு மட்டும் இங்கிருந்து போனது.

அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கியது. மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்து இங்கே கூட்டி வந்தார்கள். விடுப்புக் கேட்டால் வழிகாட்டி என்ன நினைப்பார் என்றுதான் பயந்திருக்கிறாள். அந்த அம்மையார் உடனே கையெழுத்துப் போட்டு, "இதை ஏன் நீ முன்னாலேயே சொல்லவில்லை?" என்றாராம். எல்லாருக்கும் இப்படி ஆள் அமையும் என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்னால்தானே தெரியும்.

இது இவள் ஒருத்தியின் பலவீனம் இல்லை. 'நேச்சர்' இதழ் 2019-இல் உலகம் முழுக்க 6,000-க்கு மேற்பட்ட பிஎச்.டி. மாணவர்களிடம் கேட்டபோது, படிப்பால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாக 36 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல். ஓர் ஆலையில் மூன்றில் ஒருவருக்குக் காயம் என்றால், தொழிலாளியைத் திட்டுவோமா, அறையைச் சோதிப்போமா?

தீபாவளி முடிந்ததும் நம் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். பிறகு பூஜை போட்டு வேலை தொடங்கும். அவளும் அந்த நாட்களில் இங்கேதான் இருந்தாள். முதல் பத்து நாள் தூங்கினாள். பிறகு அம்மாவோடு மார்க்கெட் போனாள். ஒரு சாயங்காலம் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் தப்பாகச் சமன்பாடு எழுதினான். நான் திருத்துவதற்குள் இவள் எழுந்து போய்த் திருத்தினாள். அவள் அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தை பிறந்த பிறகு திரும்பிப் போனாள். விட்டுவிட்டு வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. "விடணும்னாலும் விடலாம், அதுல அவமானம் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவள்தான் போகிறேன் என்றாள். அவளுக்கு அந்த வேலையில் இன்னும் ஆசை இருக்கிறது. இப்போது இரவு எட்டு மணிக்கு மேல் லேபில் தனியாக இருப்பதில்லை. மதியம் தோழிகளோடு சாப்பாடு. டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறாள். உதவித்தொகை பாக்கி வந்துவிட்டது. சோதனை இன்னும் சரியாக வரவில்லை. எப்போது முடியும் என்று அவளுக்கே தெரியாது.

என் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எங்கெங்கோ பெரிய படிப்பு படிக்கிறார்கள். போனில் "எப்ப முடிப்ப?", "எப்ப வேலை?", "எவ்வளவு சம்பளம்?" என்றுதான் கேட்கிறோம். "நாங்கள் படாத பாடா" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவர்கள் நமக்குப் பயந்து "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு மருந்து கலக்குகிறவர் கேட்ட மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்கு? கூட யார்? எப்போது சாப்பிட்டாய்? பதில் வரத் தாமதமானால் போனை வைத்துவிடாதீர்கள்.

அய்யா 1999-இல் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை உடம்பில் ஒரு தீத் தழும்பு கிடையாது. என் இடது கையில் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் இத்தனை காலம் "சின்ன ஆக்சிடென்ட்" என்று சொல்லி மழுப்புவேன். போன வாரம் திண்ணையில் ஒரு பெண் கேட்டாள். இந்தத் தடவை முழுக் கதையையும் சொன்னேன்.